பழைய நாகரிகத்தை எடைபோடுவது எப்படி?

வரலாற்று வகுப்பில் என் மாணவர்கள் முதலில் பிரமிடைத்தான் காட்டுவார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, சாக்கடையிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவைப் பாருங்கள். குளியலறைத் தரை ஒரு மூலைக்குச் சரிவாக இருக்கும். தண்ணீர் சுவரைத் தாண்டித் தெருச் சாக்கடைக்குப் போகும். சாக்கடை செங்கல் கட்டு, மேலே மூடி. வழியில் கசடு தங்கும் குழிகள். அந்தக் குழியை யாராவது அள்ளிக்கொண்டே இருந்தால்தான் தெரு நாறாது. அந்த ஆளைத் தேடுங்கள். தன் வீட்டுக்கு ஒருவர் குளியலறை கட்டிக்கொள்ளலாம். தெருவுக்கே வாட்டம் பார்த்துச் சாக்கடை கட்ட ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது அதே சிந்துவெளியின் எடைக்கல். கனசதுரமாக வெட்டி வழவழப்பாகத் தேய்த்த சின்னக் கல், மேலே எழுத்துக்கூட இருக்காது. சிறிய கற்கள் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போகும். 16 மடங்குக் கல்லின் எடை சுமார் 13.7 கிராம். ஹரப்பாவிலும் லோத்தலிலும் இதே அளவுமுறைதான். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஏமாறாமல் கொடுக்கல் வாங்கல் செய்ய முடிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் எந்தக் கோபுரத்தையும்விட இது பெரிய சாதனை.

சரி, எழுத்து? 1950இல் தொல்லியலாளர் கோர்டன் சைல்டு முதல் நகரங்களுக்கு 10 அடையாளங்கள் சொன்னார், எழுத்தும் அதில் உண்டு. அதையே கறாராகப் பிடித்தால் தென்னமெரிக்காவின் இன்காக்கள் வெளியே போய்விடுவார்கள். அவர்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பத்துப் பத்தாகக் கணக்கு வைத்தார்கள், மலை நெடுக சாலையும் களஞ்சியமும் கட்டினார்கள். அதனால் "எழுதினார்களா" என்பதற்குப் பதில் "எப்படி நினைவில் வைத்தார்கள்" என்று கேளுங்கள்.

அப்புறம்தான் பெரிய கட்டடம். அது மட்டும் போதாது: துருக்கியின் கோபெக்லி தெபேயில் சுமார் 5.5 மீட்டர் உயரத் தூண்களை நிறுத்தியவர்கள் வேட்டையாடிகள், 11,000 ஆண்டுகளுக்கு முன். நகரம் என்று அங்கே எதுவும் இல்லை. எனவே, கட்டியவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கீசாவில் பிரமிடு கட்டியவர்களின் குடியிருப்பில் ரொட்டி சுட்ட அடுப்புகளும் மாட்டெலும்புகளும் கிடைத்தன. பக்கத்துக் கல்லறைகளில் தொழிலாளர்களின் எலும்புகளும் உண்டு: சிலருக்குக் கை முறிந்து, நேராகக் கட்டுப்போட்டு, நன்றாகக் கூடியிருக்கிறது. உங்கள் பட்டியலில் அந்தக் கையையும் எழுதிக்கொள்ளுங்கள்.