எரிந்துபோன கோர்ட்டின் கதையைத் தேடுவது எப்படி

அமெரிக்காவில் ஒரு கிராமப்புறக் கவுன்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான பிரிவு) பழைய கதையைத் தோண்ட ஆசைப்பட்டால் நேராகப் போக வேண்டியது அங்கே இருக்கும் கோர்ட்டுக்குத்தான். உயில், கல்யாணப் பதிவு, நிலப்பத்திரம், கடன் வழக்கு எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். சரி, அந்தக் கோர்ட்டே எரிந்துபோயிருந்தால்? வர்ஜீனியாவின் அப்போமேட்டாக்ஸை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'அப்போமேட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ்' என்பது ஊரின் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1865 ஏப்ரல் 9 அன்று தெற்குப் படைத் தளபதி லீ, வடக்குப் படைத் தளபதி கிராண்ட்டிடம் சரணடைந்தது கோர்ட்டில் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது நடந்தது மெக்லீன் என்பவரின் வீட்டில். அன்று குருத்தோலை ஞாயிறு, கோர்ட்டு பூட்டிக் கிடந்தது.

அடுத்து, கவுன்டி பிறந்த வருஷத்தைப் பாருங்கள். இது 1845-இல் பக்கிங்காம், கேம்ப்பெல், சார்லட், பிரின்ஸ் எட்வர்ட் என நான்கு கவுன்டிகளில் இருந்து வெட்டி எடுத்தது. அதற்கு முந்தைய ஆவணம் வேண்டுமென்றால் தாய்க் கவுன்டியில்தான் தேட வேண்டும். உங்கள் ஆள் பக்கிங்காம்காரர் என்றால் நேரம் சரியில்லை என்று அர்த்தம். முன்னாள் ஜனாதிபதி ஜெபர்சன் வடிவமைத்துக் கொடுத்த அந்த ஊர்க் கோர்ட்டும் 1869-இல் எரிந்துவிட்டது.

அப்போமேட்டாக்ஸ் கோர்ட்டு எரிந்தது 1892-இல். பெரும்பாலான ஆவணங்கள் போயின. இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதன் இன்னொரு நகல் யாரிடம் போனது? அந்தக் காலத்தில் நிலவரிப் புத்தகத்தின் ஒரு பிரதி வருஷா வருஷம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குப் போய்விடும், அது மாநில நூலகத்தில் இருக்கிறது. அதில் உரிமையாளர் பெயர், ஏக்கர் கணக்கோடு நிலம் கோர்ட்டிலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்பதும் எழுதியிருக்கும். கோர்ட்டு சாம்பலான பிறகும் ஊரை அளக்க அதுதான் மையப்புள்ளி என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக இருக்கும். 1820 முதல் கட்டடத்தின் மதிப்பும் தனியாக வரும். ஒரு வருஷம் அது திடீரென ஏறியிருந்தால் புது வீடு கட்டியிருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

1853 முதல் 1896 வரை பிறப்பு, இறப்புப் பதிவுகளும் இதே போல நகலாக மாநிலத்துக்குப் போயின. அடிமைகளாக இருந்தவர்களைத் தேடுவதுதான் கடினம். 1850, 1860 அடிமைக் கணக்கெடுப்பில் முதலாளியின் பெயர்தான் இருக்கும், இவர்களுக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டும். அதனால் விடுதலைக்குப் பிறகு வந்த 1870 கணக்கெடுப்பில் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள்.

நேரில் போகிறவர்களுக்கு ஒன்று: பழைய ஊரில் இப்போது நிற்கும் கோர்ட்டு 1964-இல் திரும்பக் கட்டியது, பார்வையாளர் மையமாக இருக்கிறது. தீக்குப் பிறகு நிஜக் கோர்ட்டு சுமார் 3 மைல் தள்ளி ரயில் நிலையத்துப் பக்கம் போய்விட்டது, பழைய பத்திரம் பார்க்க அங்கே போங்கள்.