முதல் நாடகம் போடப் போகிறீர்களா? தரையில் ஒரு கோட்டிலிருந்து தொடங்குங்கள்

நாடகம் பழக வருகிற தம்பி தங்கைமார் பெரும்பாலும் எழுத்துருவோடுதான், அதாவது வசனம் எழுதிய பிரதியோடுதான் வருகிறார்கள். அதைக் கொஞ்சம் மடித்து வையுங்கள். சனம் எந்தப் பக்கம் இருந்து பார்க்கப் போகிறது? முதலில் அதை முடிவெடுப்போம்.

படி 1: கோடு போடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தை பிளாட் ஒன்றின் ஹோலே போதும். சோபாவை ஒதுக்கிவிட்டு, மாஸ்கிங் டேப்பால் பன்னிரண்டடி அகலம், பத்தடி ஆழத்துக்கு ஒரு பெட்டி ஒட்டுங்கள். ஒரு பக்கம் நாலு கதிரை. அதுதான் சபை.

சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் மேடையை அளவுகோலால் அளந்துதான் காட்டுகிறது: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், வாசல் இரண்டு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததையும் சொல்கிறது. இன்றைக்கும் ஒளியமைப்புச் செய்கிறவருக்கு அதே தலையிடிதான்.

படி 2: முகம் எந்தப் பக்கம்?

மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், சனம் சுற்றிவர இருக்கும். ஆட்டக்காரர் சுற்றிச் சுற்றி ஆடுவதால் யாருக்கும் முதுகு நிரந்தரமில்லை. தான் யார் என்பதை, களரிக்குள் வரும்போது பாடுகிற வரவிலேயே பாடிவிடுவார்.

படத்துக்குச் சட்டம் போட்டதுபோல இருக்கும் படச்சட்ட மேடைக்குத் திறப்பு ஒரே பக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பனிகள் திரையும் சோடனையுமாக அதை இலங்கையில் பிரபலமாக்கின. 1911இல் கொழும்பு மருதானையில் டவர் மண்டபம் என்ற நாடக அரங்கு எழுந்தது. 1956 நவம்பரில் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஏறி, ‘நாடகம’ என்கிற சிங்களக் கூத்து மரபை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1960களில் பேராதனையிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்துக்கும் அதைச் செய்தார். விடிய விடிய ஆடியது சுருங்கியது. சுற்றிவர இருந்த சனம் முன்பக்கத்துக்கு வந்துவிட்டது.

இது விளங்காமல் நாங்கள் பட்ட பாடு! எங்கள் முதல் நாடகத்தில் அம்மா தேத்தண்ணி ஊற்றுகிற காட்சி. வீட்டில் இருப்பதுபோல மேசையைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டோம். நாடகத்தின் உயிர் வசனத்தை அவர் சுவருக்குச் சொன்னார். மேலே காத்தாடிச் சத்தம் வேறு. பின்வரிசையில் ஒரு அன்ரி சத்தமாகவே கேட்டார்: “என்னவாம்?” அடுத்த தடவை மேசையை முன்னுக்கு இழுத்தோம். அம்மா சபையைப் பார்த்தபடி ஊற்றினார். மகன் பின்னால் நின்றான். அவன் முகம் மாறுவது சபைக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை. நாங்கள் எழுதாத நாடகம் ஒன்று அங்கே நடந்தது.

படி 3: இப்போது எழுத்துரு

கதைப்பின்னல், பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சி என்று ஆறு கூறுகள் சொன்ன அரிஸ்டாட்டில், கதைப்பின்னலை முதலிலும் காட்சியைக் கடைசியிலும் வைத்தார். சோடனைக்குக் காசில்லாத நமக்கு வசதியான வரிசை. பத்து நிமிடத்துக்கு ஒரு ஆசை, ஒரு தடை போதும். மாமா வீட்டுச் சாவி கேட்டு வந்திருக்கிறார், அக்கா கொடுக்கமாட்டாள். சாவி மேசையில் கிடக்கட்டும். “சாவி” என்ற சொல்லை மட்டும் கடைசிவரை யாரும் சொல்லக்கூடாது. எழுதிப் பாருங்கள், வசனம் தானாக இறுகும்.

படி 4: சத்தத்தோடு ஒத்திகை

காத்தாடியைப் போடுங்கள், யன்னலைத் திறவுங்கள், காலி வீதி பஸ் ஹோர்ன் வரட்டும். ஒருவர் குசினிக்குள் இருந்து கேட்கட்டும். கத்தச் சொல்லவில்லை, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதீர்கள். பலருக்கு வசனம் கேட்காமல் போவது அங்கேதான்.

நாடகத்தன்று மண்டபத்துக்கு நேரத்தோடு போய், கடைசி வரிசையின் மூலைக் கதிரையில் உட்காருங்கள். அக்காவை முதல் வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மேசையை இன்னும் ஓரடி முன்னுக்கு இழுங்கள்.