ஒரு பாதை, ஒரு நோட்டுப் புத்தகம்

பழனி மலையில் நடப்பவர் தமக்கென ஒரு கையேடு எழுத விரும்பினால், முழு மலைத்தொடரையும் எடுத்துக்கொள்ளாமல், பலமுறை நடந்து பழகிய ஒரே ஒரு பாதையில் தொடங்க வேண்டும். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக, அடிவாரத்திலுள்ள கும்பக்கரைக்கு இறங்கும் பழைய நடைபாதை அதற்கு ஏற்றது. வனத்துறையிடம் கேட்டறிந்த அனுமதி விவரம் முதல் பக்கத்திலேயே இடம்பெறட்டும்.

தூரத்தைவிட நேரமே நடப்பவருக்குப் பயன்படும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கின்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் உயர இடைவெளியில் இருப்பதால், முப்பது கோடுகளைக் கடந்து ஏறினால் அந்தக் கூடுதல் மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இக்கணக்கு செங்குத்தான இறக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அங்கே உங்கள் கைக்கடிகாரமும் முழங்காலும் சொல்வதையே எழுதுங்கள்.

கையேட்டின் உயிர் பாதை பிரியும் இடங்களில்தான் இருக்கிறது. ‘பெரிய பாறையைத் தாண்டி இடப்புறம்’ என்று எழுதிப் பயனில்லை, ஏனெனில் அங்கே பெரிய பாறைகளுக்குப் பஞ்சமில்லை. பாறையின் வடிவம், அதன் பின்னே தைலமரக் காடா சோலைக்காடா, ஓடையின் ஓசை எந்தப் பக்கம் கேட்கிறது என்பவற்றைக் குறியுங்கள். மேகம் இறங்கி எதிரே எதுவும் தெரியாதபோது ஓசைதான் துணை. ஒவ்வொரு பிரிவிலும் பத்தடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்து, வந்த வழியையும் வரைந்துகொள்ள வேண்டும். இறங்கும்போது ஒன்றாகத் தெரிந்த பாதை, ஏறி வருகையில் இரண்டாகத் தெரியும்.

வரைவதற்குப் பென்சிலே போதும். ஈரத்தில் மை கரைந்துவிடும், பென்சில் கோடு நிற்கும். பாதைப் படத்தைத் தாளின் அடியிலிருந்து மேல்நோக்கி வரைந்தால், நடக்கும் திசையிலேயே நோட்டைப் பிடித்துப் பார்க்கலாம். மலைக்காட்சிக்கு முதலில் வான்விளிம்பை மெல்லிய கோடாகப் போட்டு, அருகே வரவர அழுத்தம் கூட்டுங்கள். மரங்களை ஒவ்வொன்றாக வரையும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்குள் மேகம் மூடிவிடும்.

ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி இடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் எளிய ஓடையும் கடக்க முடியாததாகிவிடும், அட்டைகளும் பெருகும். 2018இல் பூத்த குறிஞ்சி இனி 2030இல்தான் பூக்கும் என்பதால், அதன் புதர்களை இப்போதே படத்தில் குறித்து வைக்கலாம். இடப்பெயர்களை வெள்ளகவி மக்கள் சொல்கிறபடியே எழுதிக்கொண்டு, அன்றிரவே எல்லாவற்றையும் படி எடுத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால், நடந்துகொண்டே கிறுக்கியது நமக்கே புரியாது.