கடன் வாங்காமல் தாய்மாமன் சீர் செய்வது எப்படி?

அக்காள் பிள்ளைக்குக் காதுகுத்து என்று சேதி வந்ததும், எத்தனை தட்டு, எத்தனை பவுன், பங்காளி வீட்டில் போன வருடம் என்ன செய்தார்கள் என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மனைவியின் நகையை அடகு வைத்து, மேளதாளத்துடன் சீர் கொண்டுபோனவர்கள், அதை மீட்கப் பல போகம் பாடுபடுவதைக் காவிரிப் படுகையில் நாம் அறிவோம்.

முதலில் தேதியைப் பேசுங்கள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறந்துவிட்டால், குறுவைக்கும் அடுத்துச் சம்பாவுக்கும் உழவு, நாற்று, நடவு என்று கைக்காசு முழுவதும் வயலுக்குள் போய்விடும். சம்பா அறுத்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் பார்ப்பது தை, மாசியில்தான். ஆகவே பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, விழாவை அந்தக் காலத்தையொட்டி வைத்துக்கொள்ளக் கேளுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும்விடக் கடினமானது, அக்காளிடம் உண்மையைச் சொல்வது. சீர் குறைந்தால் புகுந்த வீட்டில் பேச்சு வாங்கப் போகிறவர் அவர்தான் என்பதால், கைபேசியில் சொல்லாமல் நேரில் போய், அத்தானும் சம்பந்தி அம்மாளும் வந்து உட்காருவதற்கு முன் தனியாகச் சொல்ல வேண்டும். “அக்கா, பிள்ளைக்குத் தோடும் துணிமணியும் உனக்குப் பட்டுப்புடவையும் கட்டாயம் செய்வேன், சங்கிலிக்கு இந்த வருஷம் வழியில்லை. உன் மாமியாரிடம் நான் சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?” என்று செய்யக்கூடியதை முன்னே வைத்துக் கேளுங்கள். அறுவடை முடிந்ததும் போடுகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். அந்த வாக்கைச் சபையில் நினைவூட்ட ஒருவர் கட்டாயம் இருப்பார்.

மொய்க் கணக்கு வேறு. உங்கள் வீட்டு விசேஷத்தின் மொய் நோட்டை எடுத்து, அக்காள் வீட்டார் எழுதிய தொகையைப் பாருங்கள். அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதில் குறை வைக்கலாகாது. ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும் பேராவூரணிப் பக்கத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோட்டில் இல்லாத சீர்தான் உங்கள் சக்திக்கு உட்பட்டது.

விழாவன்று தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக ஒரு சீப்புப் பழத்தை நான்காகப் பிரித்து வைக்காதீர்கள்; ஐந்து தட்டானாலும் நிறைவாக இருக்கட்டும். “இவ்வளவுதானா?” என்று யாரேனும் கேட்டால், “அக்காளிடம் கலந்து பேசித்தான் செய்திருக்கிறோம்” என்ற ஒரே பதிலை வீட்டார் அனைவரும் சொல்ல வேண்டும், விளைச்சல், கடன், உடல்நலம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னால்தான் பேச்சு வளரும்.