பல சபையார் கூடும் துக்க வீட்டில் நினைவு ஜெபத்தை ஒழுங்கு செய்வது எப்படி

குமரி மாவட்டத்தில் களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒரே குடும்பத்துக்குள் நான்கு சபைகள் இருப்பது அதிசயமில்லை. இறந்தவர் இலத்தீன் கத்தோலிக்கராகவும், மருமகள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவராகவும், இளைய மகன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவராகவும், கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட தங்கை சீரோ மலங்கரை முறையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அடக்கம் வரை பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. இறந்தவருடைய பங்கும் (அவர் சேர்ந்த கோயில் சமூகம்) அதன் கல்லறைத் தோட்டமும் அதைத் தீர்மானித்துவிடும். ஏழாம் நாளோ நாற்பத்தொன்றாம் நாளோ முற்றத்தில் பந்தல் போட்டு எல்லாரும் உட்காரும்போதுதான், ‘இவருடைய ஆன்மாவுக்காகச் செபிப்போம்’ என்று ஒருவர் தொடங்க, பின்வரிசையில் இருப்பவர் மூடிய கண்ணைத் திறந்துகொள்கிறார். அந்த ஜெபத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவருக்காக இது எழுதப்படுகிறது.

இறந்தவர் எந்த நம்பிக்கையில் வாழ்ந்தாரோ அந்தச் சபையின் முறையே முதன்மையாக நடக்கும் என்பதை உறவினர் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்தவர் யார் என்பது இதில் அளவுகோலாகக் கூடாது. அதன்பின், எல்லாச் சபையாரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றை ஜெபத்தின் நடுவில் நிறுத்த வேண்டும். அது உடலின் உயிர்த்தெழுதல். கிறிஸ்து மீண்டும் வருவார், மரித்தோர் எழுவர், நியாயத்தீர்ப்பு உண்டு என்பதில் இவர்களுக்குள் பிளவில்லை. இறப்புக்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆத்துமா எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. நம் துக்க வீடுகளில் பேசுகிறவர்களோ ஆத்துமா மோட்சம் போய்விட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டு, முடிவான நம்பிக்கையை விட்டுவிட்டு இடைநிலையைப் பற்றியே வாதாடுகிறார்கள்.

ஆனாலும் அந்த வேறுபாட்டை அறியாமல் ஒழுங்கு செய்ய முடியாது. கத்தோலிக்கப் போதனையின்படி ஒவ்வொருவரும் இறந்தவுடனே தனித்தீர்வை, அதாவது தனக்கான தீர்ப்பைப் பெறுகிறார். முழுத் தூய்மையோடு இறந்தவர் இறைவனை நேரில் காண்கிறார், சாவான பாவத்தில், அதாவது மிகக் கொடிய பாவத்தில், மனந்திரும்பாமல் இறந்தவர் நரகத்துக்குள்ளாகிறார், இறையருளில் இறந்தும் இன்னும் முழுமையாகத் தூய்மையடையாதவர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுகிறார். உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சிலர் இரண்டாவது வாய்ப்பு என்று நினைக்கிறார்கள்; அது தவறு, அங்கிருப்பவர்களின் மீட்பு உறுதியானது. அவர்களுக்கு உயிரோடிருப்பவர்களின் செபமும் திருப்பலியும் உதவும் என்பதால்தான் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மந்திரிப்புக்காக, அதாவது கல்லறையை ஆசீர்வதிக்க, பங்குத்தந்தை வரும்வரை குடும்பத்தோடு காத்து நிற்கிறார்கள். இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டும் இரண்டாம் மக்கபேயர் நூலின் 12ஆம் அதிகாரம் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையாரின் பைபிளில் இல்லை. ஆகவே பொது ஜெபத்தில் அந்தப் பகுதியை வாசிக்கக் கொடுக்காமல் திருப்பலியில் வாசிக்கச் சொல்வதே நல்லது.

சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையார் இறந்தவருக்காக மன்றாடுவதில்லை. விசுவாசியின் ஆத்துமா உடனே கிறிஸ்துவோடு இருக்கிறது என்பதற்கு, சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று ஆண்டவர் சொன்னதையும், பிலிப்பியர் 1:23ஐயும் எடுத்துக்காட்டுவார்கள். 1563ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் பொதுச்சங்கம் உத்தரிக்கிற ஸ்தலத்தை உறுதிப்படுத்தி ஆணை வெளியிட்டது. அதே ஆண்டில் வெளிவந்த சீர்திருத்த சபையாரின் ஹைடல்பர்க் வினாவிடை, இந்த வாழ்வு முடிந்தவுடன் ஆத்துமா கிறிஸ்துவிடம் எடுத்துக்கொள்ளப்படும் என்று போதித்தது. இன்று நம் முற்றத்தில் நடக்கும் முணுமுணுப்புக்கு அவ்வளவு வயதாகிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையாரிடம் ஜெபிக்கச் சொல்லும்போது, இறந்தவரின் வாழ்வுக்காக நன்றி செலுத்தவும், துக்கத்திலிருக்கும் குடும்பத்தின் ஆறுதலுக்காக மன்றாடவும் கேட்டால் எந்த நெருடலும் இராது.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் உறவினரை ஒரே கூட்டமாக எண்ணிவிடக் கூடாது. மலங்கரைக் கத்தோலிக்கர் 1930இல் மார் இவானியோஸ் தலைமையில் ரோமாபுரியோடு இணைந்தவர்கள்; சிரியன் முறைப்படி தூபம் காட்டி மரித்தோரை நினைவுகூர்வார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையார் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற போதனையை ஏற்பதில்லை, ஆயினும் மரித்தோருக்காக ஜெபிப்பார்கள். அதே சிரியன் மரபில் வந்த மார்த்தோமா சபையாரோ சீர்திருத்தத்தின்போது அந்த ஜெபத்தை நீக்கிவிட்டார்கள். பாறசாலை மாமி என்ன சொல்வார் என்று ஊகிக்க வேண்டாம். எந்தப் பள்ளி (கோயில்) என்று கேட்டுவிடுங்கள்.

பெந்தெகொஸ்தே சபையாரிடம் நிகழ்ச்சிக்கு முந்தியே தனியாகப் பேச வேண்டும். இறந்தவருக்கான ஜெபத்தில் அவர்கள் பங்கெடுக்க மாட்டார்கள். வற்புறுத்தாமல், 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 18 வரை வாசிக்கக் கொடுத்தால் மனமுவந்து வாசிப்பார்கள். ‘கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்’ என்ற அந்தப் பகுதியை மற்ற எவரும் மறுக்கப் போவதில்லை. குடும்பத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் இருந்தால், இறந்தவர் உயிர்த்தெழும் நாள்வரை உணர்வின்றி நித்திரையில் இருக்கிறார் என்பதே அவருடைய நம்பிக்கை. அவருக்கும் இந்தப் பகுதி பொருந்தும்.

நிகழ்ச்சியை இப்படி அமைக்கலாம்: காலையில் பங்குக் கோயிலில் திருப்பலியும் கல்லறை மந்திரிப்பும் இறந்தவரின் சபை முறைப்படி நடக்கட்டும், விருப்பமில்லாதவர் வராவிட்டால் அதைக் குறையாகப் பேச வேண்டாம். வீட்டு முற்றத்தில் நடக்கும் பொது ஜெபத்தில் ஒரு பாட்டு, தெசலோனிக்கேயர் வாசிப்பு, 23ஆம் சங்கீதம், நன்றி ஜெபம், பரமண்டல ஜெபம் ஆகியவை போதும். நினைவுரை ஆற்றுகிறவர்களிடம், இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதை நேரடியாகவே சொல்லிவிடுங்கள். பூசைக்கு ஒழுங்காகப் போகாதவர், குடித்தவர், தற்கொலை செய்துகொண்டவர் ஆகியோரின் வீடுகளில் இது இரட்டிப்பு அவசியம். மைக்கைக் கையில் வாங்கியதும் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவரை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பாட்டைக் கொடுங்கள். இன்ன மனிதர் நரகத்தில் இருக்கிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபையே பெயர் சொல்லி அறிவித்ததில்லை.

பிள்ளைகள் ‘பாட்டா இப்பம் எங்க இருக்காரு?’ என்று கேட்பார்கள். தூங்குகிறார் என்று மட்டும் சொன்னால் சின்னப் பிள்ளைகள் இரவில் படுக்கவே பயப்படக்கூடும். ‘பாட்டா செத்துப்போனார், அவரைக் கடவுள் கையில் ஒப்படைத்திருக்கிறோம், இயேசு வரும்போது அவரை எழுப்புவார்’ என்ற பதில் எந்தச் சபையின் போதனைக்கும் முரணாகாது. அதற்குமேல் விளக்குவதை அந்தந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு விட்டுவிடலாம்.

கடைசியாகக் கல்லறைக் கல். யோவான் 11:25 எல்லாருக்கும் பொருத்தமான வசனம். ஆனால் ‘உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே’ என்று கத்தோலிக்கரும், ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்று சி.எஸ்.ஐ. சபையாரும் வாசிப்பதால், இறந்தவர் எந்த பைபிளை வாசித்தாரோ அதிலுள்ளபடியே தாளில் எழுதி, வீட்டில் ஒருவர் கையெழுத்திட்டு, கல் வெட்டுகிறவரிடம் கொடுங்கள். போனில் சொல்ல வேண்டாம்.