உங்கள் ஆஃபன்ஸுக்கு எந்தக் குவாட்டர்பேக்?

2008-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ரிச் ரோட்ரிகஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அவருடைய ஆட்டமுறையில் குவாட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை வாங்கி ஆஃபன்ஸை (பந்தை வைத்து ஆடும் தரப்பை) நடத்துபவருக்கு, ஓடத் தெரிந்தாக வேண்டும். அணியில் ஏற்கனவே இருந்த குவாட்டர்பேக் ரயன் மாலட்டோ ஆறரை அடி உயரம். கையில் அபார வலு, காலில் வேகம் இல்லை. அவர் அர்கன்சா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். மிச்சிகன் அந்த சீசனில் 3 வெற்றி, 9 தோல்வி. அணி மாறினால் ஓராண்டு ஆடக்கூடாது என்ற அன்றைய விதிப்படி வெளியே உட்கார்ந்த மாலட், 2009-ல் அங்கே பயிற்சியாளர் பாபி பெட்ரினோவின் பாஸ் (பந்தை வீசும்) ஆட்டத்தில் 3,600 யார்டுக்கு மேல் வீசினார். பயிற்சியாளரும் சோடையில்லை, ஆட்டக்காரரும் சோடையில்லை. இருவரும் ஒரே அணியில் இருந்ததுதான் பொருந்தவில்லை.

பயிற்சியாளராக ஆள் தேடக் கிளம்புமுன் பார்க்க வேண்டியது உங்கள் ப்ளேபுக்கை, அதாவது அணி ஆடும் ப்ளேக்களின் (ஆட்டத் திட்டங்களின்) தொகுப்பை. நட்சத்திரத் தரவரிசையெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் போன சீசனின் ஆட்டங்களை எடுத்து, மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்ட இடங்களையும், எதிரணியின் 20 யார்டு கோட்டுக்குள் நடந்த ஆட்டங்களையும் தனியாகப் பிரியுங்கள். நெருக்கடியில் நீங்கள் உண்மையில் நம்பும் ப்ளே எது என்று அங்கேதான் தெரியும். அவற்றில் அதிகம் அழைத்த பத்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே குவாட்டர்பேக் என்ன செய்கிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள்: யாரைப் பார்க்கிறார், பந்து எத்தனை விநாடியில் கையை விட்டுப் போகிறது, எவ்வளவு தூரம் போகிறது, அடி வாங்குகிறாரா. அந்தப் பத்து வரியிலிருந்து 'இது இல்லாவிட்டால் ஆளே வேண்டாம்' என்ற மூன்று தகுதிகளை எடுங்கள். ஆறு, ஏழு என்று பட்டியல் நீண்டால் நாட்டில் ஒருவரும் தேற மாட்டார். கடைசியில் உயரத்தைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பீர்கள்.

ஆட்டமுறை கேட்கும் தகுதி

பாஸையே பெரிதும் நம்பும் ஏர் ரெய்டு ஆட்டமுறையில் ப்ளேக்கள் குறைவு. அதையே திரும்பத் திரும்ப ஆடுவார்கள். பாஸைப் பிடிக்கும் ரிசீவர்கள் இருவர் களத்தின் நடுவே, ப்ளே தொடங்கும் ஸ்க்ரிமேஜ் கோட்டிலிருந்து ஐந்தாறு யார்டு ஆழத்தில், ஒருவரை ஒருவர் உரசுகிற மாதிரி குறுக்கே ஓடும் 'மெஷ்' இதன் உயிர்நாடி. ஓடுகிறவனின் மார்புக்கு ஓரடி முன்னால் பந்து வந்தால் அவன் வேகம் குறையாமல் 15 யார்டு போவான். முதுகுப் பக்கம் வந்தால் திரும்பிப் பிடித்து அங்கேயே விழுவான். கணக்கேட்டில் இரண்டுமே 'முழுமையான பாஸ்'தான். அதனால் பாஸ் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். பந்து உடம்பில் எங்கே வந்து சேர்கிறது என்பதை நீங்களே எண்ணுங்கள். 60 யார்டு வீசிக் காட்டும் பையனிடம் மயங்குவதுதான் இங்கே வழக்கமான தவறு. கார்ட்னர் மின்ஷூ ஈஸ்ட் கரோலைனாவில் பெரிதாகப் பேசப்படாதவர். கையின் வலுவுக்காக அவரைத் தேடி யாரும் வரவில்லை. பயிற்சியாளர் மைக் லீச் அவரைத் தன் வாஷிங்டன் ஸ்டேட் அணிக்கு எடுத்தார். 2018-ல் 4,779 யார்டு, 11 வெற்றி. சீக்கிரம் முடிவெடுப்பது, குறுகிய பாஸில் துல்லியம், அடுத்த ப்ளேக்கு மனதைத் துடைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் அவரிடம் இருந்தன. அந்த ஆட்டத்துக்கு அது போதும்.

மூவரில் யார் பந்தோடு ஓடுவது என்று ஆடும்போதே முடிவெடுக்கும் டிரிபிள் ஆப்ஷன் வேறு உலகம். அமெரிக்கக் கடற்படை அகாடமி அணி பல ஆண்டுகள் இதை நம்பியே ஆடியது. ஸ்னாப்பில் பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக் அதை ஃபுல்பேக் என்ற ஓட்டக்காரரின் வயிற்றில் வைத்தபடி கூடவே ஒரு அடி நகர்கிறார். வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்ட ஒரு டிஃபன்ஸ் (எதிரணித் தற்காப்பு) ஆள் எதிரே இருப்பான். அவன் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால் பந்தை உருவ வேண்டும். பாயாவிட்டால் விட்டுவிட வேண்டும். உருவினால் வெளியே இன்னொருவன்: அவன் குவாட்டர்பேக்கை அடிக்க வந்தால் பக்கத்தில் ஓடிவரும் இன்னொரு ஓட்டக்காரரான ஸ்லாட்பேக்குக்குப் பந்தைத் தட்டிவிட வேண்டும், அடி வாங்கிக்கொண்டே. இதில் கண் பந்தின் மேல் ஒரு நொடி இறங்கினாலும் முடிவு தாமதமாகும். ஃபுல்பேக் கையை இறுக்கியபின் இழுத்தால் பந்து தரையில். களத்தின் கோடியான எண்டு ஜோனிலிருந்து எடுத்த ஃபிலிமில் சரியாக அந்தக் கட்டத்தில் நிறுத்தி, ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பத்து ப்ளேயில் மூன்று தடவை கீழே குனிந்திருந்தால் யோசிக்க வேண்டிய ஆள்.

ஆப்ஷன் அணிக்கு ஆள் தேடுவதில் ஒரு வசதி உண்டு. மற்ற பெரிய அணிகள் 'இவன் ஓடத்தான் லாயக்கு, ரிசீவராக மாற்றிவிடலாம்' என்று ஒதுக்கும் பள்ளிக் குவாட்டர்பேக்குகள் எல்லோரும் உங்கள் பட்டியலுக்கு வருவார்கள். கீனன் ரெனால்ட்ஸ் கடற்படைக்காக 88 ரன்னிங் டச்டவுன் எடுத்தார். மால்கம் பெரி ஸ்லாட்பேக், குவாட்டர்பேக் இரண்டும் ஆடி, 2019-ல் 2,017 யார்டு ஓடினார். ஆனால் அடி அதிகம் விழும் ஆட்டம். மற்ற அணிகளுக்கு மூன்று பேர் போதும் என்றால் இங்கே ஐந்து பேர் வேண்டும்.

ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன்) ஆட்டத்தில் ஒரே ப்ளே ஓட்டமாகவும் பாஸாகவும் மாறலாம். கல்லூரி விதிப்படி, ஆஃபன்ஸின் முன்வரிசைத் தடுப்பாளர்கள் கோட்டைத் தாண்டி 3 யார்டு வரை போன பிறகும் பாஸ் வீசலாம், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-லில் 1 யார்டுதான். அந்த இடைவெளிதான் கல்லூரி ஆர்.பி.ஓ.வின் மூச்சு. பந்து தாமதமானால் தடுப்பாளர் நான்காவது யார்டில் நிற்பார், விதிமீறல் என்று நடுவரின் கொடி விழும். ஆகவே தேட வேண்டியது மணிக்கட்டு வேகம். காலை ஊன்றாமலே பக்கவாட்டில் வீசத் தெரிய வேண்டும். பேஸ்பாலில் ஷார்ட்ஸ்டாப் ஆடியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். அந்தப் பழக்கம் இங்கே நேராகக் கைகொடுக்கும்.

தொழில்முறை பாணியில் ஆடும் ப்ரோ-ஸ்டைல் அணிகள் டிஃபன்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மறுபடி பார்த்து வீசச் சொல்லும். தன்னைக் காக்கும் தடுப்பாளர்களின் அமைப்பை மாற்றும் பொறுப்பும் குவாட்டர்பேக்கிடம் இருக்கும். 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் குரல் கேட்கலாம் என்றாலும், அடுத்த ப்ளேயைத் தொடங்கக் கெடு காட்டும் ப்ளே கடிகாரத்தில் 15 விநாடி இருக்கும்போது அது துண்டிக்கப்படும். அதன்பின் டிஃபன்ஸ் இடம் மாறினால் அவர் தனிதான்.

ஃபிலிமும் மைதானமும்

ஹைலைட் வீடியோவைப் பார்த்து ஆளைத் தள்ளலாம், எடுக்க முடியாது. மூன்று முழு ஆட்டம் கேளுங்கள்: ஒன்று தோற்றது, ஒன்று அந்த மாவட்டத்தின் பலமான அணியோடு ஆடியது, ஒன்று மழையிலோ காற்றிலோ ஆடியது. இன்டர்செப்ஷன் போட்ட (வீசிய பந்தை எதிரணி பிடித்த) பிறகு, அடுத்து பந்து கிடைக்கும் ட்ரைவில் என்ன வீசுகிறார் என்பதைக் குறியுங்கள். பயந்து பக்கத்து ஆளுக்கே தட்டிக்கொண்டிருக்கிறாரா, அதே தவறை வீம்புக்குத் திரும்பச் செய்கிறாரா?

எண்களில் ஒரு பொறி உண்டு. கல்லூரிக் கணக்கில், குவாட்டர்பேக் சாக் ஆனால் (வீசுமுன் கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தப்பட்டால்) இழந்த யார்டு அவருடைய ஓட்டக் கணக்கிலிருந்து கழியும். அணி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஒருவர் 150 யார்டு ஓடியதாகத் தெரிந்தால், சாக்கில் போனதைச் சேர்த்துப் பாருங்கள். நிஜத்தில் 400 ஓடியிருக்கலாம்.

நேரில் பார்க்கும்போது ஒரு வீச்சை மட்டும் கட்டாயம் கேளுங்கள். களத்தின் அகலம் 160 அடி. கல்லூரியில், ப்ளேக்கு முன் பந்து வைக்கும் எல்லையைக் காட்டும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே 40 அடி, என்.எஃப்.எல்.-லில் 18.5 அடிதான். எனவே கல்லூரியில் ஒரு ஹாஷிலிருந்து எதிர்ப்பக்க எல்லைக்கோடு 100 அடி. அங்கே 15 யார்டு ஆழத்தில் வெளியே திரும்பும் ரிசீவருக்கு வீசினால், கணக்கில் 15 யார்டு, காற்றில் பந்து போவது 38 யார்டு அளவுக்கு. வலு குறைந்த கையிலிருந்து பந்து மிதந்து வரும். எதிரணியின் கார்னர்பேக் (ரிசீவரைக் காவல் காப்பவன்) குறுக்கே புகுந்து எடுத்துக்கொண்டு நேராக டச்டவுனுக்கு ஓடுவான். ஐந்து பந்து வீசச் சொல்லுங்கள், பயிற்சியின் கடைசியில், தோள் களைத்தபிறகு. ஐந்தாவது பந்துதான் பதில். உங்கள் ப்ளேபுக்கில் அந்த வீச்சே இல்லையென்றால், அது இல்லாத பையனைத் தள்ளாதீர்கள்.

உயரமும் அப்படித்தான். ஓக்லஹோமாவில் 2018-ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வென்ற கைலர் மரே ஐந்தடி பத்து அங்குலம். அளவுநாடாவை விட்டுவிட்டு, ஓர் ஆட்டத்தில் கோட்டருகே எத்தனை பந்து தட்டப்படுகிறது என்று எண்ணுங்கள்.

புத்தியைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. காலையில் உங்கள் ப்ளே ஒன்றை வெள்ளைப் பலகையில் 20 நிமிடம் சொல்லிக் கொடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முன்னறிவிப்பில்லாமல், அவரையே வரைந்து விளக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சேஃப்டியை (டிஃபன்ஸின் பின்வரிசை ஆளை) நகர்த்தி 'இப்போது?' என்று கேளுங்கள். தப்பான பதில் பரவாயில்லை. ஏன் அப்படி நினைத்தார் என்று சொல்லத் தெரியாதவர்தான் சிரமம்.

எத்தனை பேர், எப்போது

ஆண்டுக்கு ஒரு பள்ளி மாணவர், அதற்கு மேல் வேண்டாம். ஒரே ஆண்டில் இருவரை எடுத்தால் ஒருவர் போர்ட்டலில் நிற்பார். 2021 முதல் ஓராண்டு வெளியே உட்காராமல் ஒருமுறை அணி மாற முடிந்தது. 2024 முதல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். பள்ளி மாணவர்கள் டிசம்பரிலேயே கையெழுத்திடுகிறார்கள். 2026 முதல் போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும் திறந்திருக்கும். அதாவது போர்ட்டலில் யார் கிடைப்பார் என்று தெரியுமுன்பே பள்ளி மாணவருக்கு வாக்கு கொடுத்தாக வேண்டும். போர்ட்டலில் ஒருவரைப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அதை இளையவரிடம் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அந்தப் பையனோடு அவனுடைய பள்ளிப் பயிற்சியாளரையும் இழப்பீர்கள்; அந்தப் பள்ளியிலிருந்து அடுத்து ஆள் வராது.

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானபின், பணம் பேச்சில் வராமல் இருக்காது. அதற்காகப் பொருந்தாதவருக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் உங்கள் ப்ளேபுக்கைப் படித்த பையனை விடுவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை.

ஆட்டத்தை வளைப்பது

சில சமயம் ஆளுக்காக ஆட்டத்தை வளைக்கலாம். பயிற்சியாளர் லிங்கன் ரைலி ஓக்லஹோமாவில் குவாட்டர்பேக்குகள் பேக்கர் மேஃபீல்டையும் மரேயையும் வைத்துப் பாஸை முன்னிறுத்தினார். 2019-ல் ஜேலன் ஹர்ட்ஸ் வந்ததும் அவருடைய ஓட்டத்தைச் சேர்த்தார், ஹர்ட்ஸ் 1,298 யார்டு ஓடினார். அடியிலிருந்த பாஸ் அமைப்பு அப்படியே இருந்தது. ஃப்ளோரிடாவில் 2010-ல் நேர்மாறு: முந்தைய குவாட்டர்பேக் டிம் டீபோவுக்காக உருவான ஓட்ட ஆட்டத்தில், தடுப்பாளர்களுக்குப் பின்னே பாக்கெட்டில் நின்று வீசும் ஜான் பிராண்ட்லி. அணி மூன்று குவாட்டர்பேக்குகளை மாற்றி மாற்றி இறக்கி 8 வெற்றி, 5 தோல்வியில் முடித்தது.

ஓட்டம் சேர்ப்பது, தடுப்பாளர் அமைப்பை மாற்றுவது ஒரு வசந்தகாலப் பயிற்சியில் முடிகிற வேலை. குவாட்டர்பேக் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கை மாற்றினால், பத்து பேருடைய கால்கணக்கும் மாறும். அதற்கு இரண்டு சீசன் ஆகும். ஆஃபன்ஸை வகுக்கும் துணைப் பயிற்சியாளரான ஆஃபன்சிவ் கோஆர்டினேட்டர் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்ற சாத்தியத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இரண்டு குவாட்டர்பேக்குகளில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திணறினால், அடுத்து வருகிற கோஆர்டினேட்டர் யாராக இருந்தாலும் பயன்படுத்தக்கூடியவரை எடுங்கள்: குறுகிய பாஸில் துல்லியமும் வேகமான முடிவும் உள்ளவரை.