பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்: மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, ஃபில்டரை நேத்துதான் சுத்தமா கழுவிப் போட்டேன். அப்பவும் மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறக்குது." பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் போன மாதம் போனில் இப்படிச் சொன்னார். மூன்றடி தொட்டி, ஆறு கோல்டு ஃபிஷ், பெரிய இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர். போய்ப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படியே கருகருவென்று இருந்தது. குழாயடியில் வைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை பிழிந்து, மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்து, சாயங்காலம் திரும்பப் பொருத்தியிருக்கிறார். அவருடைய அக்கறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மீன்கள் மூச்சுக்குத் திணறியதற்கு அந்தக் கழுவல்தான் காரணம்.

ஃபில்டர் என்றதும் நம் மனதில் வருவது காப்பி ஃபில்டர். அதைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தால்தான் அடுத்த நாள் டிகாக்‌ஷன் ஒழுங்காக இறங்கும். மீன் தொட்டி ஸ்பாஞ்சுக்கும் அதே பெயர் இருப்பதால் அதே நியாயத்தை அங்கேயும் கொண்டுபோகிறோம். ஸ்பாஞ்ச் அழுக்கைப் பிடிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை, பாக்டீரியாவுக்கு வீடாக இருப்பது. ஏர் பம்ப் அனுப்பும் காற்று நடுக்குழாய் வழியாக மேலே ஏறும்போது தொட்டித் தண்ணீரையும் ஸ்பாஞ்சின் ஊடே இழுத்துக்கொண்டு போகும்.

மீனின் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும்போது இன்னும் கொஞ்சம் சேரும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் படிந்திருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது வெளியே போய்விடும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெயர் எதுவானாலும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இவை எவ்வளவு மெதுவாகப் பெருகும் என்பதை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியா ஒரே இரவில் பெருகிவிடும். இவை இரண்டு மடங்காவதற்கே ஒரு நாள் போலப் பிடிக்கும். அதனால்தான் புதுத் தொட்டி பழுக்க, அதாவது அதில் இந்த பாக்டீரியா போதுமான அளவு பெருக, நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. இன்னொன்று, காய்ந்து கிடந்து மறுபடி ஈரம் பட்டால் முளைத்து வர இவற்றிடம் வித்து கிடையாது. காய்ந்தால் செத்துப்போகும், அவ்வளவுதான். அந்தத் தம்பி ஒரு பகலில் காயவைத்தது பல மாதம் வளர்ந்த ஒரு கூட்டத்தை.

குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசினாலே எல்லாம் செத்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். இந்தியத் தரப்படி, குளோரின் கலந்து வரும் குடிநீரில் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அந்த அளவு மேலோட்டமாகச் சேதம் செய்யும், வேரோடு அழிக்காது. சிக்கல் என்னவென்றால் யாரும் ஒருமுறையோடு நிறுத்துவதில்லை. ஓடும் குழாயின் கீழ் பத்து நிமிஷம் பிழிவார்கள், அப்புறம் கொஞ்சம் சோப்பு, அப்புறம் வெயில்.

எப்படிக் கழுவ வேண்டும்?

தண்ணீர் மாற்றும் நாளில் கழுவுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பம்பை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய பாலிதீன் பையைத் தொட்டிக்குள்ளேயே விட்டு, ஸ்பாஞ்சின் மேல் மெல்லப் போர்த்தி, அடியில் வாயைப் பிடித்துக்கொண்டு பையோடு தூக்குங்கள். பலரும் வெறுங்கையால் தூக்கிவிடுகிறார்கள். துளைகளில் தங்கியிருந்த அழுக்கு முழுவதும் தூக்கும் வழியிலேயே கொட்டி, தொட்டி ஒரு நிமிஷத்தில் செம்மண் குட்டை மாதிரி ஆகிவிடும். பெரிய ஸ்பாஞ்ச் என்றால் இது இன்னும் மோசம், உள்ளே அவ்வளவு அடங்கியிருக்கும்.

வாளித் தண்ணீரில் நான்கைந்து முறை அழுத்திப் பிழிந்தால் போதும். முதல் பிழியில் கெட்டியான பழுப்பு நீர் வரும், மண்வாசனை அடிக்கும். அந்த வாசனை நல்ல அறிகுறி. அழுகின முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று போகாத இடம் இருக்கிறது என்று அர்த்தம். பிழிந்த நீர் தெளிவாகும்வரை போகாதீர்கள். கலங்கலாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும். இரட்டை ஸ்பாஞ்ச் இருந்தால் இன்றைக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. வாளியில் மிஞ்சும் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம், ரோஜாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பவர்களுக்கு நான் தேதி சொல்வதில்லை. கோல்டு ஃபிஷ் தொட்டியில் இரண்டு மூன்று வாரத்தில் அடைத்துக்கொள்ளும். என் கப்பி மீன் தொட்டியில் இரண்டு மாதம்கூட ஓடும். மேல் குழாயின் வாயைப் பாருங்கள். நல்ல நிலையில் குமிழியோடு தண்ணீரும் தள்ளிக்கொண்டு வரும், நீர்ப்பரப்பு ஓடுவது தெரியும். அடைத்துக்கொண்டால் வெறும் காற்று மட்டும் குபுக் குபுக்கென்று வரும். சில நேரம் ஸ்பாஞ்சின் பக்கவாட்டிலேயே குமிழி கசியும். அப்போது கழுவுங்கள்.

பெரிதாகப் போட்டால் போதும் என்ற நினைப்பு

கடையில் "இது 200 லிட்டர் தாங்கும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். வாங்கியவரும் இனி மீன் எண்ணிக்கையைப் பற்றிக் கவலையில்லை என்று இருந்துவிடுவார். இதுதான் பெரிய ஸ்பாஞ்ச் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தவறு. பத்து அறை வைத்து வீடு கட்டினால் பத்துக் குடும்பம் தானாகக் குடிவந்துவிடாது. பாக்டீரியா ஸ்பாஞ்சின் அளவுக்கு வளர்வதில்லை, கிடைக்கும் அம்மோனியாவின் அளவுக்குத்தான் வளரும். நான்கு மீன் இருக்கும் தொட்டியில் எவ்வளவு பெரிய ஸ்பாஞ்ச் வைத்தாலும் அதில் இருப்பது நான்கு மீனுக்கான கூட்டம். கொளத்தூர் மீன் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை போய் ஆசைப்பட்டு இருபது மீனை ஒன்றாக வாங்கி வந்து விட்டால், அந்தக் கூட்டம் ஈடுகொடுக்கும்வரை அம்மோனியா ஏறத்தான் செய்யும். பெரிய ஸ்பாஞ்சில் கிடைக்கும் நன்மை, பெருகுவதற்கு இடம் இருப்பது. அதற்கு நாள் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மீனாக, பத்து நாள் இடைவெளியில் சேர்த்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது.

போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அம்மோனியாவின் நச்சு தண்ணீரின் பி.எச்-ஐ, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணைப் பொறுத்தது. 25 டிகிரி சூட்டில் பி.எச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நச்சான பங்கு ஏறத்தாழ அரை சதவீதம். பி.எச் 8 என்றால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. பல இடங்களில் போர் தண்ணீர் 8-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. தொட்டி கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அம்மோனியாவுக்கு நிறமில்லை. ஒரு டெஸ்ட் கிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. பெரிய ஸ்பாஞ்சை வாங்கிவிட்டுப் பழைய சின்ன ஏர் பம்பிலேயே இணைத்துவிடுகிறார்கள். தண்ணீர் எப்போதும் தடை குறைந்த வழியைத்தான் தேடும். காற்று பலவீனமாக இருந்தால் நடுக்குழாயை ஒட்டிய பகுதியில் மட்டும் ஓட்டம் இருக்கும், ஓரமெல்லாம் சும்மா நிற்கும். தொட்டி ஆழமாக ஆக, காற்றை அடிவரை தள்ள இன்னும் பலம் வேண்டும். குழாய்க்குள் ஒரு ஏர் ஸ்டோன் பொருத்தினால் குமிழி பொடிப்பொடியாக வரும், ஓட்டம் கூடும், சத்தமும் அடங்கும்.

ஸ்பாஞ்சையும் பார்த்து வாங்க வேண்டும். மெத்தைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வெட்டி வந்து போடுகிறவர்கள் உண்டு. மெத்தை ஸ்பாஞ்சில் பல அறைகளுக்கு நடுவே மெல்லிய சவ்வு இருக்கும், தண்ணீர் ஊடுருவாது. தொட்டிக்கான ஸ்பாஞ்சில் அந்தச் சவ்வை நீக்கியிருப்பார்கள். கடையிலேயே வாயை வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் வைத்த கையில் காற்று தாராளமாகப் பட வேண்டும். துளையின் அளவைப் பி.பி.ஐ என்று சொல்வார்கள், ஒரு அங்குலத்துக்கு எத்தனை துளை என்ற கணக்கு. 20 முதல் 30 வரை பெரும்பாலான தொட்டிகளுக்குச் சரியாக வரும். 45-க்கு மேல் போனால் வாரத்திலேயே அடைத்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம், சிலவற்றில் கிருமிநாசினி கலந்திருக்கும்.

சிலர் தொட்டியின் ஒரு பக்கத்தை முழுக்க அடைக்கிற மாதிரி ஸ்பாஞ்ச் தகடு நிறுத்துகிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் பெயரால் அறியப்படும் முறை இது. நல்ல முறை, குஞ்சு வளர்ப்பவர்களுக்கு மிகவும் நல்லது. ஆனால் இங்கே தவறு தலைகீழாக நடக்கிறது, பம்பை மிகப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். தகட்டின் வழியே தண்ணீர் நிமிஷத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் போனால் போதும் என்பதுதான் கணக்கு. 30 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம் உள்ள தகடு என்றால் மணிக்கு 225 முதல் 450 லிட்டர். அதைவிட வேகமாக இழுத்தால் அழுக்கு துளைக்குள் இறுகி, தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் மட்டம் இறங்கிவிடும், தகடு வளையும். ஓரங்களில் இடைவெளி விடாமல் இறுக்கமாகப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் பின்பக்கம் போய் மாட்டிக்கொள்ளும்.

ராத்திரி மோட்டாரை நிறுத்துவது

சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று படுக்கும்போது அணைத்துவிடுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். 5 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 3.6 யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம் நிறுத்தினால் மிச்சமாவது 1.2 யூனிட். அதற்காக ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாவை ராத்திரிதோறும் மூச்சடைக்க வைக்கிறோம். அவை ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யாது. செடிகள் உள்ள தொட்டியில் விடியும் முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், ராத்திரியில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால். 30 டிகிரி சூட்டில் தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும், 20 டிகிரியில் 9 பிடிக்கும். நம் ஊர்க் கோடையில் காற்றை நிறுத்த இடமே இல்லை. சத்தம் தொந்தரவு என்றால் பம்பின் அடியில் மடித்த துணியோ ரப்பர் துண்டோ வையுங்கள்.

நாமாக நிறுத்தாவிட்டாலும் மின்சாரம் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பெரிய ஸ்பாஞ்சுக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உட்பகுதியில் ஆக்சிஜன் தீர்ந்து அழுக ஆரம்பிக்கும். பல மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் பம்ப் தானாக ஓடி, அழுகிய நீரைத் தொட்டிக்குள் தள்ளிவிடும். அதனால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். மின்சாரம் வந்தபின் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டு ஓட்டுங்கள். இருட்டில் இருக்கும் நேரத்தில் தீனி போடாதீர்கள். சொம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாலே மீன்களுக்கு ஆறுதல். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது இன்னும் நல்லது.

பம்ப் நிற்கும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் இறங்கிப் பம்புக்குள்ளும், அங்கிருந்து பிளக் வரையிலும்கூட வரலாம். டியூபில் ஒரு பக்கமாக மட்டும் காற்றை விடும் செக் வால்வு போடுங்கள், அல்லது பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டுக் காற்றே வரவில்லை என்று தவிப்பவர்களும் உண்டு, வாயால் ஊதிப் பார்த்துவிட்டு மாட்டினால் போதும்.

இன்னொன்றை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏர் பம்ப் அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. அதே பிளக் பாக்ஸில் கொசு லிக்விடைச் சொருகினால் அந்த ஆவியையும் சேர்த்து அனுப்பும். கொசு லிக்விடிலும் சுருளிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் நமக்குப் பெரிய கெடுதல் செய்யாத அளவில்கூட மீனைக் கொல்லும், இறாலை இன்னும் சீக்கிரம் கொல்லும். எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் ஒன்பது ஏஞ்சல் மீன்கள் இரண்டு ராத்திரியில் போய்விட்டன. தண்ணீர் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் பம்பைக் கையில் எடுத்தபோதுதான் லிக்விட் பாட்டில் அதற்கு ஒரு சாண் தள்ளி ஒளிர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பெயின்ட் அடிக்கும் நாளிலும் கரப்பான் ஸ்ப்ரே அடிக்கும்போதும் பம்பை வேறு அறைக்கு மாற்றி நீளமான டியூபில் இழுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து போடும்போதும் ஸ்பாஞ்சை நினைக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக், மெத்திலீன் புளூ இரண்டுமே நல்ல பாக்டீரியாவையும் தாக்கும். நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள்.

அந்தத் தனித் தொட்டிக்கு உடனே ஓடுகிற ஃபில்டர் எங்கிருந்து வரும் என்றால், பெரிய ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பாஞ்சையும் எப்போதும் ஓடவிட்டு வைப்பதிலிருந்து. என் தொட்டியில் இரண்டு வருடமாக அப்படி ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி போன் செய்த அன்று பாதித் தண்ணீரை மாற்றச் சொல்லிவிட்டு, அதைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினார், தீனியைப் பாதியாகக் குறைத்தார். ஆறில் ஐந்து பிழைத்தன.